அரைச் சக்கரம் முன்னால்

வானகரம் சிக்னலில் ஷேர் ஆட்டோ நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருக்கிறேன் என்றும் சொல்ல முடியாமல் தொங்குகிறேன் என்றும் சொல்ல முடியாமல் நான் இருந்தேன். முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஒரு கல்லூரி பஸ், நாலு பக்கமும் ஹாரன். நகர வழியில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகும் அடிக்கிற ஹாரன் இருக்கிறதே, அதை நம் ஊரில்தான் கேட்க முடியும். அந்தச் சமயம் பார்த்து போன் நடுங்கியது. சவரிமுத்து வீடியோ அனுப்பியிருந்தான்.

வீடியோவில் ஒரு சாலை. அதைத் தவிர ஒன்றும் இல்லை. பிரான்ஸில் ஏதோ ஒரு கிராமத்துச் சாலை, இரண்டு பக்கமும் கோதுமை, தூரத்தில் ஒரு சர்ச் கோபுரம், வேலியோரம் நாலைந்து மாடுகள். சைக்கிள் செயின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அவன் மூச்சு கேட்கிறது. ஒரு பறவை எங்கோ கத்திவிட்டு, அது முடிந்ததும் அமைதியாகிவிடுகிறது. பிறகு சவரியின் குரல்.

"மச்சான், பின்னாடி ஒரு காரு வந்துகினு கீது. பாரேன், ஹாரனே அடிக்க மாட்டான்."

உண்மைதான். அந்தக் கார் ஹாரன் அடிக்கவில்லை. வளைவு முடியும்வரை இவன் பின்னாலேயே பொறுமையாக வந்து, அப்புறம் சாலையின் அந்தக் கோடி வரை ஒதுங்கிக் கடந்துபோனது. போகிற போக்கில் டிரைவர் கையை வேறு தூக்கிக் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே நெஞ்சுக்குக் கீழே சுருக்கென்றது. என் ஆட்டோ டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், சினிமாவா?" என்றார். "ஆமாம்" என்று சொல்லி போனை சட்டைப்பையில் போட்டேன்.

சவரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் நானும் அவனும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் வீடு திருமுல்லைவாயிலில்; எனக்குக் கோயில் தெருப் பக்கம், அவனுக்கு ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் சர்ச் காலனியில். இப்போது அவன் மகள் பிரான்ஸில் இருக்கிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாத விசாவில் போயிருக்கிறான். பேத்தி தூங்குகிற நேரம் மருமகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கைப்பிடியில் போனைக் கவ்விப் பிடிக்க மகள் ஏதோ மாட்டிக் கொடுத்திருக்கிறாளாம். அன்றிலிருந்து எனக்குத் தினம் ஒரு சாலை வருகிறது. நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவேன். அதற்கு மேல் எழுத வராது. பொறாமை ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அவனிடம் நான் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயம் அது. சைக்கிளைப் பார்த்தாலே அது முன்னால் வந்து நிற்கும்.

ஆட்டோ டிரைவர் கியர் மாற்றும்போது அவர் கையிலிருந்து கிரீஸ் வாசனை வந்தது. கிரீஸ் வாசனை வந்தால் எனக்குக் கூடவே கூலன்ட் வாசனையும் வந்துவிடும். லேத்தில் இரும்பு சூடேறாமல் இருக்க பால் மாதிரி வெள்ளையாக ஒரு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்குமே, அதுதான் கூலன்ட். அது இரண்டு நாள் பழசானால் அடிக்கிற வாசனையை எந்தச் சோப்பும் போக்காது. கல்யாணமான புதிதில் என் மனைவி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, "உங்க கையால ஊட்ட மட்டும் வராதீங்க" என்றிருக்கிறாள். அந்தக் கையோடுதான் ஐந்தரை மணிச் சங்கு ஊதியதும் சைக்கிள் ஷெட்டுக்கு ஓடுவோம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சங்கு ஊதிய கால் மணி நேரத்துக்கு எஸ்டேட் சாலை முழுக்க சைக்கிள்தான். பஸ்காரன் எங்களுக்காகக் காத்திருப்பான். வழியில் முதலில் பிஸ்கட் கம்பெனியின் வெண்ணெய் வாசனை வரும், பசிக்கும். அப்புறம் டயர் கம்பெனியின் ரப்பர் வாசனை வரும், பசி போய்விடும். கொஞ்ச தூரம் போனதும் கூட்டம் ஒவ்வொரு தெருவாகப் பிரிந்து கரைந்து, ஏரிக்கரை ஓரத்துக்கு வரும்போது நானும் சவரியும் மட்டும் இருப்போம். அங்கிருந்து திருமுல்லைவாயில் வரை எப்போதாவது ஒரு திருவள்ளூர் பஸ், எப்போதாவது ஆவடிக்குப் போகிற ராணுவ லாரி. மற்றபடி செயின் சத்தம், மூச்சு, நீர்க்கோழி. சவரி இப்போது பிரான்ஸிலிருந்து எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறானே, அதே சத்தம்தான். அதை அவன் மறந்துவிட்டான் என்று நினைத்து அதற்கும் ஒரு பாட்டம் கோபப்பட்டேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்களிடம் மட்டுமில்லை, எஸ்டேட்டுக்கு சைக்கிளில் வந்த எல்லோரிடமும். தோள் பிடிப்பது என்போம். ஒருவன் களைத்துப்போனால், பக்கத்தில் ஓட்டுகிறவன் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு இழுபட்டே வீடுவரை வந்துவிடலாம். அதற்கு விதிகள் உண்டு. இழுப்பவன் வண்டிகள் போகிற வலது பக்கம் வர வேண்டும், பிடிப்பவன் இடது ஓரமாக. இழுப்பவன் அரைச் சக்கரம் முன்னால் போக வேண்டும். சமமாகப் போனால் ஹேண்டில்பார் இரண்டும் மாட்டிக்கொள்ளும், முழுச் சக்கரம் முன்னால் போனால் கை எட்டாது. பிடிப்பவன் தொங்கக் கூடாது, கையை வைத்தால் போதும். இழுப்பவன் சொல்லாமல் விலகக் கூடாது. இந்தக் கடைசி விதியை யாரும் யாருக்கும் வாயால் சொன்னதில்லை.

எங்களில் இழுப்பவன் எப்போதும் நான்தான். எனக்குத் தொடை பலம், சவரிக்கு நெஞ்சு பலவீனம். ஆடி மாதம் வந்தால் மேற்கேயிருந்து ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், வீட்டுக்குப் போகிற எங்களை எஸ்டேட்டுக்கே திருப்பி அனுப்பப் பார்க்கும். ஏரிக்கரை வந்ததும் சவரிக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். கேட்கவே மாட்டான். கூலன்ட் வாசனையோடு அவன் வலது கை என் இடது தோளில் வந்து உட்காரும். நானும் திரும்பிப் பார்க்க மாட்டேன், கொஞ்சம் அழுத்தி மிதிப்பேன். அந்த நேரத்தில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருக்கும். பட்டறையில் என்னைவிட அவன் கெட்டிக்காரன். அளவு எடுப்பதில் ஒரு மயிரிழை தப்ப மாட்டான், சூப்பர்வைசர் அவன் மிஷின் பக்கம் வந்தால் சிரிப்பார், என் மிஷின் பக்கம் வந்தால் முறைப்பார். ஆனால் ஆறு மணிக்கு ஏரிக்கரையில் அவன் என் தோளைப் பிடித்துத்தானே ஆக வேண்டும்? அந்தக் கணக்கில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்கு கம்ப்யூட்டர் மிஷின் வந்த வருடம் அந்தக் கணக்கு கெட்டுப்போனது. மிஷினுக்கென்று கண்ணாடி வைத்து ஒரு அறை கட்டினார்கள், அதற்கு ஏ.சி. போட்டார்கள். எங்களுக்கு மின்விசிறியே மூன்று பேருக்கு ஒன்று. அந்த மிஷினை ஓட்ட ஒரே ஒரு ஆள்தான் தேவை. நான் ஒரு வாரம் நெற்றியில் விபூதி கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொண்டு போனேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் சவரியின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே தட்டினேன் என்று நினைவு.

மறு வாரத்திலிருந்து அவன் சட்டை அழுக்காகவில்லை. கையில் கூலன்ட் வாசனை இல்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் பட்டனை அழுத்திவிட்டு நின்றுகொண்டிருப்பான், மிஷின் தானாகக் கடையும். நான் இந்தப்புறம் இரும்புச் சுருளைக் கொக்கியால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் இந்தப் பக்கம் பார்க்கிறானா என்று பார்ப்பேன். பார்த்தால் எரிச்சல் வரும், பார்க்காவிட்டால் இன்னும் அதிகமாக வரும். பொறாமை வந்தவனுக்கு எப்படியும் நிம்மதி கிடையாது.

அது ஆடி மாதம். ஏரிக்கரையில் வழக்கமான காற்று. சவரி இடது பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். "மச்சான், அந்த ரூம்ல நிக்கசொல்லோ மெய்யாலுமே குளிருதுடா, ஸ்வெட்டர் போட்டாத்தான் ஆவும்போல கீது" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிக்கொண்டே என் தோளில் கையை வைத்தான்.

நான் தோளைச் சாய்த்தேன். வலது பக்கமாக ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். ஒரு நொடிகூட இருக்காது. வைத்த கைக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனதும் அவன் சைக்கிள் இரண்டு முறை ஆடி, சரிவில் இறங்கி, காட்டாமணக்குச் செடிகளுக்குள் அவனோடு சாய்ந்தது. பிரேக் பிடித்துத் திரும்பினேன். எழுந்து உட்கார்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடா ஆச்சு?" என்று கேட்டேன். கேட்டது நான். யோசித்துப் பாருங்கள்.

அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். "பள்ளத்துல வுட்டுட்டேன் போல கீது" என்றான்.

டபுள்ஸ் வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவன் அம்மா வாசலிலேயே கையைப் பார்த்துவிட்டு, "நீ கூட இருந்தும் இப்பிடியா நைனா?" என்று என்னிடம் கேட்டார்கள். "பள்ளம்மா, ரோட்டுல பள்ளம்" என்றேன் நான். சவரியும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் முப்பத்தைந்து வருடம் ஓட்டியிருக்கிறேன்.

எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரம் கண்ணாடி அறைக்கு என்னைப் போட்டார்கள். ஆசைப்பட்ட இடத்தில் ஆசைப்பட்டபடி நின்றேன். சவரி சொன்னது பொய்யில்லை, குளிரத்தான் செய்தது. கட்டுப் பிரித்து அவன் திரும்பி வந்த அன்று நானே போய் சூப்பர்வைசரிடம், "அவன் மிஷினை அவன்கிட்டயே குடுத்துடுங்க சார்" என்றேன். பெருந்தன்மை என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகும் இரண்டு வருடம் சேர்ந்துதான் ஓட்டினோம். ஆனால் சவரி என் தோளில் கை வைக்கவில்லை. எவ்வளவு காற்று அடித்தாலும், எவ்வளவு மூச்சு வாங்கினாலும் வைக்கவில்லை. இன்னொரு மாற்றமும் வந்தது. இடது ஓரமாக வந்துகொண்டிருந்தவன் வலது பக்கம் மாறிக்கொண்டான். மாறியதோடு, கொஞ்சம் முன்னாலேயே போவான். நான் வேகம் கூட்டினால் அவனும் கூட்டுவான், நான் குறைத்தால் குறைப்பான், ஆனால் அந்த இடைவெளியை மட்டும் விடமாட்டான். மூச்சு இழுத்துக்கொண்டாவது முன்னால்தான் போவான். ஏ.சி. ரூம்காரனாயிற்றே, இனி நம்மோடு சமமாக வருவானா என்று நான் மனதுக்குள் பொருமிக்கொண்டே பின்னால் வருவேன். அப்புறம் அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது, கம்பெனி பஸ் வந்தது, சைக்கிளை விற்றுவிட்டான். நட்பு தொடர்ந்தது. பண்டிகைக்குக் கேக் வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து கரும்பு போகும்.

சரி, வானகரத்துக்கு வருகிறேன். அன்று ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தபோது இருட்டப் போகிற நேரம். நான் செருப்பைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தே என் மனைவி, "இன்னிக்கும் அண்ணன் ரோடு அனுப்பிட்டாரா?" என்றாள்.

"ஊர்ல ஒருத்தன்கூட இல்ல, இவன் பாட்டுக்கு ஓட்டிகினு போறான். மாடுகூட ஓரமா நிக்குது."

"போனவரு சந்தோசமா இருந்தா உங்களுக்கு இன்னா நோவுது? அவரு அங்கயும் ஒண்டியாத்தான ஓட்டறாரு, பாவம்."

அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. ஆனால் இருந்தது. சாலை அவனுக்கு, போகட்டும், பக்கத்தில் ஆள் இல்லையே என்று ஒரு அற்பத் திருப்தி. அந்தத் திருப்தி நாலு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள் வந்த வீடியோவில் இரண்டு சைக்கிள் இருந்தது. முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், எழுபது வயது இருக்கும், அரைக்கால் சட்டை, ஓட்டப் பழகிய கால்கள். அவர் இடது பக்கம் ஓட்டுகிறார். அங்கே சாலையில் வலது ஓரமாகப் போக வேண்டும், எல்லாம் நமக்குத் தலைகீழ். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு, அந்தப் பெரியவரின் தோளில் இருந்தது. கருத்த கை. சவரியின் கை.

"மச்சான், இவரு பக்கத்து ஊட்டுக்காரரு. பேரு வாயில நுழையல, நான் நைனான்னுதான் கூப்புடறேன். இங்க ஒரு மேடு கீது, எனக்கு ஏற முடியல. தோள் புடிக்கிறத கத்துக் குடுத்துட்டேன். அரை வீலு முன்னாடி போவணும்னு கையைக் காட்டித்தான் சொன்னேன், உடனே புரிஞ்சுகினாரு. ஷோக்கா இழுக்கறாரு."

பெரியவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். சாலை காலியாகத்தான் இருந்தது. கோதுமை அறுவடை முடிந்துபோயிருந்தது. நான் சாலையைப் பார்க்கவில்லை. அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் வயிறெரிந்ததெல்லாம் பொறாமையே இல்லை, இதுதான் பொறாமை என்று தெரிந்தது. என் இடது தோள் தானாகக் கொஞ்சம் உயர்ந்திருப்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கட்டைவிரல் படம் அனுப்பவில்லை. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் மூன்றே வார்த்தை போனது. "அன்னிக்கு பள்ளம் இல்லடா."

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தானாம். குரல் பதிவாக அனுப்பியிருந்தான். பின்னணியில் குழந்தை கரண்டியால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும் மச்சான். டெய்லி போற ரோடு, அந்த எடத்துல பள்ளமே கெடையாதேடா. அன்னிக்கே தெரியும். நீ இன்னா பண்ணுவ, உனக்கும் அந்த மிஷின் மேல ஆசைதான. வுடு." குழந்தையிடமிருந்து கரண்டியை வாங்கிவிட்டான் போல, தட்டுகிற சத்தம் நின்றது. "ஆனா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா கீது. அதுக்கு அப்பால நான் உனக்கு வலது பக்கமா வந்து, அரை வீலு முன்னாடியே ஓட்டிகினு வந்தனே, ரெண்டு வருசம். எனக்கு நாக்கு தள்ளும். நீ ஒரு நாளு கைய வெப்ப, அப்ப எல்லாம் சரியாப் பூடும்னு பாத்தேன். நீ வெக்கவே இல்ல. சரி, இவனுக்கு மூச்சு நல்லா கீது, தேவப்படலன்னு வுட்டுட்டேன்."

அதை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். மனைவி ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனேன். அவன் விழுந்த இடம் எனக்கு அடையாளம் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. கரையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, உள்ளே நடைபாதை போட்டிருக்கிறார்கள். வாசலில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்று பலகை. காட்டாமணக்கு இருந்த சரிவில் ஒரு மொபைல் கடையும் பிரியாணிக் கடையும். சாலையில் பஸ்ஸுக்கும் நடுச்சுவருக்கும் இடையில் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஒரு சைக்கிள்கூட இல்லை. இருந்தாலும் இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட இந்தச் சாலையில் இடம் ஏது? அடுத்த மாதம் சவரி வருகிறான். வந்து என்ன செய்ய, எங்கே ஓட்ட.

ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு என்னை ஓரம் தள்ளியது. வேலியோடு ஒட்டி நின்று, என் வலது கையை முன்னால் நீட்டிப் பார்த்தேன். அரைச் சக்கரம் என்பது அவ்வளவு தூரம்தான், நீட்டினால் எட்டும்.